கனடாவின் பனியும் படுவான்கரையின் மாரியும்: ஏரேட்டரை எப்போது திரும்பப் போடுவது?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்து ஒரு தங்கச்சி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். கடிதத்தோடு கொப்பியில் இருந்து கிழித்த ஒரு தாளும் இருந்தது. பத்து நாட்களாகக் காலையும் மாலையும் அவர் குறித்த கணக்கு அது. பெரிய பண்ணைகளில்கூட இப்படிக் குறித்து வைப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

கடிதத்தின் சாரம் இதுதான். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வாவியோரமாக முக்கால் ஏக்கர் மீன்குளம். திலாப்பியாவும் கொஞ்சம் பால்மீனும் விட்டிருக்கிறார்கள். தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் ஒரு குதிரைவலுச் சக்கர ஏரேட்டர் இரண்டு இருக்கிறது. கார்த்திகை கடைசியில் மழை இறுகியதும் இரண்டையும் நிறுத்திவிட்டார். மழை பெய்தால் தண்ணீரில் தானாகக் காற்றுக் கலக்கும், கரண்ட் பில்லும் மிச்சம், இடி மின்னலுக்கும் பயம் என்று மூன்று காரணம் சொல்கிறார். மார்கழி வெள்ளத்தில் ஒரு மோட்டர் கரையேற்ற முன்பே மூழ்கிவிட்டது. இப்போது தை பிறந்து வெயில் அடிக்கிறது. ஏரேட்டரை எப்போது போடுவது என்று வீட்டில் மூன்று கட்சி. அண்ணன், “இரண்டையும் ஒரேயடியாப் போட்டு இரவு பகலா ஓட விடு” என்கிறார். மாமி, “பங்குனி வெயில் வரட்டும்” என்கிறார். கனடாவில் இருக்கும் பெறாமகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். குளிர்காலம் முடிந்து தண்ணீர் 10 பாகைக்கு வந்த பிறகுதான் போட வேண்டும், முதல் நாள் அரை மணித்தியாலம் மட்டும் என்று அதில் சொல்கிறார்களாம். இவர் வெப்பமானியை இறக்கிப் பார்த்திருக்கிறார். விடிய 7 மணிக்கு மேற்பரப்பில் தண்ணீர் 26 பாகை, அடியில் 29 பாகை. “சூடான தண்ணி மேலுக்குத்தானே நிற்கும், என்ட வெப்பமானி பழுதா ஐயா?” என்று கேட்கிறார். கடந்த பத்து நாளில் நான்கு நாள் விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அடித் தண்ணீரை வாயில் வைத்தால் உப்பு, மேல் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போல. கடைசியாக ஒரு சண்டையும் உண்டு: குளத்துத் தண்ணீரை வடிக்கப் போனால் பக்கத்து வயல்காரர் பொலிசுக்குப் போவேன் என்கிறார்.

தங்கச்சி, முதலில் அவசரமான விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாளை விடிய மீன் மேலே வந்தால் என்ன செய்வது என்பதுதான் அது.

நல்ல நிலையில் உள்ள அந்த ஒரு ஏரேட்டரை மட்டும், குளத்தின் ஆழம் குறைந்த அந்தலையில், இடுப்பளவுக்கும் குறைந்த தண்ணீரில் கட்டுங்கள். சக்கரம் கரையோரமாகத் தண்ணீரைத் தள்ளட்டும், நடுக்குளத்தை நோக்கி வேண்டாம். துடுப்பு நான்கு அங்குலம் அமிழ்ந்தால் போதும். மீன் மேலே வரும் நேரத்தில் போட்டு வெயில் ஏறியதும் நிறுத்துங்கள். மேல் தண்ணீர் மட்டும் கலங்கி அந்த மூலையில் மூச்சுவிட ஓர் இடம் உண்டாகும், மீன் தானாகத் தேடி வரும். அந்த மோட்டரும் நம்பிக்கையில்லை என்றால் தோட்டத்துக்கு இறைக்கும் 2 அங்குல மெசினை இரவல் வாங்குங்கள். உறிஞ்சும் குழாயின் வாயை ஒரு வெற்றுக் கானில் கட்டி மிதக்கவிட்டு, மேல் தண்ணீரையே உறிஞ்சி மேலேயே வீசியடியுங்கள். குழாய் வாய் அடிக்குப் போகக்கூடாது. ஏன் என்பது கீழே வரும். அதுவரை தீன் போடுவதையும் நிறுத்துங்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்து செத்த திலாப்பியாவை நான் கண்டதில்லை. மூச்சுத் திணறும் மீனுக்குப் போட்ட தீன் அடியில் அழுகி, இருக்கிற மூச்சையும் குடிப்பதைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் வெப்பமானி பழுதில்லை

பெறாமகன் அனுப்பிய வீடியோவில் பொய் இல்லை. அது அந்த நாட்டுக் குளத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டு. தண்ணீர் 4 பாகையில்தான் மிகக் கனமானது. பனிக்காலத்தில் அங்கே குளத்தின் மேல் பனிக்கட்டி மூடியிருக்கும், கட்டிக்குக் கீழே 0 பாகை, அடியில் 4 பாகை. மீன் அந்த 4 பாகைத் தண்ணீரில் அசையாமல் கிடந்து காலத்தைக் கடத்தும். அந்த நேரம் அடியில் இருந்து காற்றுக் குமிழி விட்டால், அடியில் ஒதுங்கியிருந்த கொஞ்ச வெதுவெதுப்பும் மேலே போய் முழுக் குளமும் 0 பாகையை நெருங்கும். அதனால் கருவியை நிறுத்துகிறார்கள், அல்லது கரையோர ஆழமில்லாத இடத்துக்கு மாற்றுகிறார்கள். பனி உருகித் தண்ணீர் 10 பாகை அளவுக்கு வந்ததும் முதல் நாள் அரை மணித்தியாலம், அடுத்த நாள் ஒன்று, பிறகு இரண்டு, நான்கு என்று இரட்டித்து ஒரு கிழமையில் முழு நாளுக்கும் கொண்டு வருகிறார்கள்.

நம்மூரில் தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்வது போர்வைக்குள் இருக்கும் நமக்குத்தான். குளத்துத் தண்ணீர் 10 பாகைக்குப் போவதில்லை. உங்கள் தாளில் ஆகக் குறைந்த எண் 25. ஆகவே 10 பாகை வரட்டும் என்று பார்த்திருந்தால் ஆயுளுக்கும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். 10 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். 26 பாகையில் 8 மில்லிகிராம்தான் பிடிக்கும், உப்பு இருந்தால் இன்னும் குறையும். மீனின் செலவோ சூட்டோடு கூடும். 10 பாகை ஏறினால் ஏறத்தாழ இரட்டிக்கும். அங்கே கையிருப்பும் பெரிது, செலவும் சிறிது. அதனால் மாதக்கணக்கில் ஏரேட்டரை நிறுத்தி வைக்கிறார்கள். நம்மிடம் கையிருப்பு குறைவு, செலவு அதிகம். மாரி முழுவதும் நிறுத்தி வைக்கும் வசதி நமக்கு இல்லை.

இனி அந்த 26, 29 கணக்குக்கு வருவோம். சூடான தண்ணீர் இலேசானது, மேலே நிற்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரி. ஆனால் உங்கள் அடித்தண்ணீரில் உப்பு இருக்கிறது. மழைக்கு முன்பு குளத்தில் நின்ற உவர்த்தண்ணீர் அப்படியே அடியில் தங்க, மழைத்தண்ணீர் அதற்கு மேல் பாய் விரித்ததுபோலப் படுத்துவிட்டது. பகல் வெயில் மேல் தண்ணீரை ஊடுருவி அடியைச் சூடாக்குகிறது. இரவில் மேல் தண்ணீர் குளிர்ந்துவிடும். அடித் தண்ணீர் உப்பின் கனத்தால் மேலே எழும்ப முடியாமல் சூட்டோடு அடைபட்டுக் கிடக்கும். விடியற்காலையில் அடி சூடாகவும் மேல் குளிராகவும் இருந்தால் அது உப்பு அடுக்குக்குச் சாட்சி. வாயில் வைத்து உப்புப் பார்க்காமலே உங்கள் வெப்பமானி அதைச் சொல்லிவிட்டது.

இந்த அடுக்கு எவ்வளவு உறுதியானது என்று ஒரு கணக்குப் பார்ப்போம். கனடாக் குளத்தில் 0 பாகைத் தண்ணீருக்கும் 4 பாகைத் தண்ணீருக்கும் உள்ள எடை வித்தியாசம் லீற்றருக்கு ஒரு கிராமின் எட்டில் ஒரு பங்கு அளவுதான். வசந்த காலக் காற்று நாலு நாள் அடித்தால் கலைந்துவிடும். உங்கள் அடித்தண்ணீரில் லீற்றருக்கு 10 கிராம் உப்பு இருக்கிறது என்று வையுங்கள், மேலே நல்ல தண்ணீர். எடை வித்தியாசம் 7 கிராமுக்குக் கிட்ட வரும், ஐம்பது மடங்கு. அடி 3 பாகை சூடாக இருப்பதால் இலேசாவது ஒரு கிராம்கூட வராது. அதனால்தான் வெயில் வந்தால் தானாகக் கலந்துவிடும் என்ற மாமியின் யோசனையில் பாதிதான் சரி. காற்று எழும்பினால் மெல்ல மெல்லக் கலைக்கக்கூடும். ஆனால் அதுவரை அடியில் என்ன நடக்கும்?

நம்பிக்கை வராவிட்டால் வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளரில் செய்து பாருங்கள். ஒரு போத்தலில் கல்லைக் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்கு ஒரு நூல் கட்டி அடிவரை இறக்குங்கள். நூலை இழுத்தால் தக்கை கழன்று குமிழி மேலே வரும். குமிழி நின்றதும் தூக்கினால் அடித்தண்ணீர் உங்கள் கையில். அதை அரைத் தம்ளருக்கு ஊற்றுங்கள். இன்னொரு கோப்பையில் மேல் தண்ணீரை எடுத்து, உடுப்புக்குப் போடும் நீலம் ஒரு சொட்டு விட்டு, கரண்டியின் முதுகில் மெதுவாக வழியவிடுங்கள். நீலம் மேலேயே நிற்கும், நடுவில் கோடு கிழித்த மாதிரி. தம்ளரை ஊதுங்கள், மேலே மட்டும் நீலம் ஆடும், கோடு அசையாது. பிறகு கரண்டியை விட்டு ஒரு கலக்குக் கலக்குங்கள், இரண்டு வினாடியில் எல்லாம் நீலம். ஊதியது உங்கள் குளத்துக் காற்று. கலக்கியது அண்ணன் சொல்லும் இரண்டு ஏரேட்டர்.

போத்தலைத் திறந்ததும் மணத்தையும் பாருங்கள். கூழ்முட்டை நாற்றம் அடித்தால் அடியில் ஐதரசன் சல்பைட் கட்டியிருக்கிறது. மழையோடு வந்த சருகும் சேறும், செத்த பாசியும், மிஞ்சிய தீனும் அடியில் அழுகி ஒட்சிசனை முழுக்கக் குடித்த பிறகு வரும் வாயு அது. மேலே மழைத்தண்ணீர் மூடி போட்டிருப்பதால் வெளியேற வழியில்லை. “மழையே காற்றைக் கலக்கும்” என்று நீங்கள் நினைத்தது இங்கேதான் பிழைத்துவிட்டது. துளி விழும்போது மேற்பரப்பில் கொஞ்சம் ஒட்சிசன் சேருவது உண்மை. அதே மழைதான் அடிக்கு ஒட்சிசன் போகும் வழியை அடைக்கிறது. முகில் மூடிய நாட்களில் பாசியும் ஒட்சிசன் அதிகம் உண்டாக்காது. இரவில் எல்லாரும் செலவழிக்க, விடியப்புறம் 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் கையிருப்பு ஆகக் குறைவாக இருக்கும். உங்கள் மீன் மேலே வந்த நேரமும் அதுதான்.

அண்ணனின் யோசனை ஏன் ஆபத்து

உங்கள் குளம் சராசரி நாலடி ஆழம் என்று எழுதியிருக்கிறீர்கள், 1.2 மீற்றர். அதில் அடி 40 சென்ரிமீற்றரில் ஒட்சிசன் இல்லை, மேல் 80 சென்ரிமீற்றரில் லீற்றருக்கு 6 மில்லிகிராம் என்று வையுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கலக்கினால் எங்கும் 4. அதோடு நின்றால் திலாப்பியா தாங்கும். ஆனால் அடியில் இருந்து எழும்பும் சேறும் சல்பைட்டும் மேலே வந்ததும் ஒட்சிசனைப் பறிக்கத் தொடங்கும். 4 என்பது ஒரு மணித்தியாலத்தில் 2 ஆகலாம், 1 ஆகலாம். சல்பைட் நஞ்சு வேறு. இரவில் இது நடந்தால் விடிய நீங்கள் பார்ப்பது வெள்ளை வயிறுகளைத்தான். பால்மீன் முதலில் போகும், திலாப்பியா அளவுக்கு அதற்குத் தாங்கும் சக்தி இல்லை.

இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. 2011 ஜனவரி வெள்ளம் வடிந்த கையோடு வாகரைப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனேன். மீன் மேலே வருகிறது என்றார் குளத்துக்காரர். “இருக்கிறதெல்லாத்தையும் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியது நான்தான். நாலு ஏரேட்டர், இரவு முழுக்க. அடுத்த நாள் அவர் போனில் ஒன்றும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அன்றைக்குப் பிறகு அடித்தண்ணீர் எடுக்காமல் ஒருவருக்கும் யோசனை சொல்வதில்லை. உங்கள் அண்ணனில் எனக்குக் கோபம் வராததற்குக் காரணமும் அதுதான்.

முதலில் மோட்டர், பிறகுதான் மீன்

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டரை வெயிலில் இரண்டு நாள் காயவைத்துப் பிளக்கைச் சொருகலாம் என்று நினைத்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். உப்புத் தண்ணீர் சுருளுக்குள் போனால், தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே இருக்கும். அது பனியில் ஈரம் பிடித்துக் கரண்டைக் கடத்தும். மோட்டர் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, சூட்டில் உலர்த்தி, பெயரிங் மாற்றி, மெகர் (சுருளின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காப்பு 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த மோட்டர் குளத்தில் இறங்கக்கூடாது. மூழ்காத மோட்டரையும் கியர் எண்ணெய் திறந்து பாருங்கள். எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மாற்ற வேண்டும். பிளக் கழற்றியிருக்கும்போதே சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், தங்குதடையில்லாமல் சுற்ற வேண்டும். போட்டதும் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், சின்னச் செலவு. உறும விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் சுருள் எரிந்து பெரிய செலவாகிவிடும்.

கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. “வயர் மூட்டை ரேப் சுத்தித் தடியில கட்டியிருக்கம்” என்று எழுதியிருக்கிறீர்கள். குளத்துக்குள் ஓடும் வயரில் மூட்டே இருக்கக்கூடாது. கரையில் இருந்து மோட்டர் வரை ஒரே வயர். ஏரேட்டருக்கென்று தனி ட்ரிப் சுவிட்ச், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். எர்த் கம்பி வெள்ளத்தில் அரிக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏரேட்டர் ஓடும்போது ஒருவரும் குளத்தில் இறங்கக்கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். நீங்கள் இறங்க வேண்டி வந்தால் சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கைக் கழற்றி உங்கள் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இடி மின்னல் நேரம் நிறுத்தியது நல்ல வேலை. மின்னல் ஓய்ந்ததும் திரும்பப் போடாததுதான் தவறு.

மேல் தண்ணீரை வடிப்பதும் வயல்காரரும்

கலக்குவதற்கு முன்பு மூடியின் தடிப்பைக் குறைத்தால் வேலை பாதியாகும். மேலே நிற்கும் மழைத்தண்ணீரை ஓர் அடிக்குக் கிட்ட வெளியே விடுவது நல்லது. உங்களிடம் இருப்பது சாய்க்கக்கூடிய பீவீசீ நிலைக்குழாய். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால் மேல் தண்ணீர் மட்டும் வழியும். வாயில் வலை கட்ட மறக்க வேண்டாம். ஒருநாளைக்கு நாலு அங்குலத்துக்கு மேல் இறக்காதீர்கள். மாரியில் ஊறிய வரம்பு சரியும்.

வாவிப் பக்கத் துருசு (தண்ணீர் வடியும் மதகு) மணலால் மூடிக் கிடப்பதால் வயல் வாய்க்காலில் விடப் போனீர்கள், அதில்தான் சண்டை. இந்த விடயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. மேல் தண்ணீர் நல்ல தண்ணீர், அது வயலுக்குக் கெடுதி செய்யாது என்கிறீர்கள். இன்று காலை அது உண்மை. குழாயை ஓர் அங்குலம் கூடச் சாய்த்தாலோ, இரவில் யாராவது கால் தட்டினாலோ உப்புத் தண்ணீர் போய்விடும். நெல் உப்புக்குப் பயந்த பயிர். அவருடைய முன்மாரி வெள்ளாமை கதிர் முற்றும் நேரம். நாலு மாத உழைப்பை உங்கள் குழாயின் சாய்வில் தொங்கவிட அவருக்கு விருப்பமில்லாதது நியாயம். வயல் வாய்க்கால் வட்டைக்கு, அதாவது அந்த வயல்வெளி முழுவதற்கும் சொந்தம், குளத்துக்கு அல்ல. பொலிசுக்குப் போனால் நீங்கள் தோற்கும் வழக்கு அது.

ஆனால் வாவிப் பக்கமாக வடிக்கும் பாதை உங்களுடையது, அதை அவர் தடுக்க முடியாது. இரண்டு பேரைக் கூலிக்குப் பிடித்தால் துருசு வாயில் கிடக்கும் மணலை ஒரு நாளில் வெட்டிவிடலாம். முகத்துவாரம் திறந்து வாவி இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து வடியுங்கள். வாவி மட்டம் குளத்தை விட உயர்ந்திருந்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். வேலை தொடங்க முதல், வயல்வெளியின் தண்ணீர் அலுவல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானையிடம் போய், எந்தப் பக்கம் விடுகிறீர்கள் என்று ஒரு சொல் சொல்லிவிடுங்கள். வயல்காரரையும் கூப்பிட்டுத் தம்ளர் வித்தையைக் காட்டுங்கள். அவருக்கு ஏன் பயம் என்று உங்களுக்கும், நீங்கள் ஏன் அவசரப்படுகிறீர்கள் என்று அவருக்கும் அதைவிடச் சுருக்கமாக விளங்க வைக்க முடியாது. அவரிடம் நீங்களும் ஒன்று கேட்கலாம். வயலுக்கு மருந்தடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லும்படி கேளுங்கள். அந்த நாட்களில் வாய்க்கால் தண்ணீர் உங்கள் குளத்துக்குள் வரக்கூடாது.

அனுமதிப்பத்திரம் கணவர் பெயரில் இருக்கிறது, திகதி முடிந்ததா தெரியவில்லை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே, மீன்வளர்ப்புக்கான அரச அதிகாரசபையான நக்டாவின் விரிவாக்க உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். தகராறு வந்தால் முதலில் கேட்கப்படும் கடதாசி அதுதான். போகும்போது போத்தலில் மேல், அடித் தண்ணீர் இரண்டையும் கொண்டுபோனால் உப்பும் பீஎச்சும் அளந்து தரும்படி கேட்கலாம்.

சுண்ணாம்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பீஎச் பார்க்காமல் ஒன்றும் போட வேண்டாம். பீஎச் இறங்கினால் சல்பைட்டின் நஞ்சு கூடும், ஏறினால் அமோனியாவின் நஞ்சு கூடும். இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைவு என்று கண்டால் டொலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பு. மெதுவாக வேலை செய்யும், எல்லை தாண்டாது. நீற்றிய சுண்ணாம்பை மீன் நிற்கும் குளத்தில் வீசினால் பீஎச் ஒரேயடியாக ஏறும்.

இனி நாள் கணக்கு

வீடியோவில் சொன்ன 10 பாகையை மறந்துவிடுங்கள், அரை மணித்தியாலத்தை மறக்க வேண்டாம். காரணம் இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான்: அடியில் கெட்டது மேலே கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டும். மேல் தண்ணீரை வடித்து முடித்து, இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு தொடங்குங்கள். காலை 10 மணிக்குத் தொடங்குவதே நல்லது. அப்போது பாசி ஒட்சிசன் உண்டாக்கத் தொடங்கியிருக்கும், மீனுக்கு நாள் முழுக்க மீள நேரம் இருக்கும், உங்களுக்கும் கண் தெரியும். ஒரே ஒரு ஏரேட்டர், இப்போது ஆழமான பக்கத்தை நோக்கி. முதல் நாள் அரை மணித்தியாலம், அடுத்த நாள் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. ஓடும்போது கரையில் நில்லுங்கள். தண்ணீர் கறுத்து வந்தாலும், நாற்றம் அடித்தாலும், மீன் ஒரு மூலைக்கு ஓடி ஒதுங்கினாலும் நிறுத்திவிட்டு அடுத்த நாளும் அதே நேர அளவையே போடுங்கள், கூட்ட வேண்டாம். முகில் மூடிய நாளில் கலக்கும் வேலையே வேண்டாம். விடியப்புறம் மீன் வந்தால் மட்டும் ஆழமில்லாத மூலையில் முன்சொன்னபடி.

ஒவ்வொரு நாளும் விடிய மேல் வெப்பமும் அடி வெப்பமும் குறியுங்கள். 26க்கும் 29க்கும் இடையில் உள்ள அந்த 3 பாகை, 2 ஆகி 1 ஆகிச் சமமாகும். மூன்று நாள் தொடர்ந்து சமமாக இருந்து போத்தலில் நாற்றமும் இல்லாவிட்டால் அடுக்கு கலைந்துவிட்டது. அதற்கு ஏழு நாளும் ஆகலாம், பதினைந்தும் ஆகலாம். அதன் பிறகு பகலில் ஓட்டும் தேவை குறைவு. இரவு 10 மணி தொடங்கி வெயில் வரும்வரை இரண்டையும் போடுங்கள். தீனையும் பாதியில் தொடங்கி ஒரு கிழமையில் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள். கரண்ட் கணக்குக்குப் பயப்படுகிறீர்கள் என்று தெரியும். ஒரு குதிரைவலு மோட்டர் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு யூனிற் இழுக்கும். எட்டு மணித்தியாலம், இரண்டு மோட்டர், இரவுக்கு 16 யூனிற் அளவு. குளத்தில் நிற்கும் மீனின் பெறுமதியை ஒரு பக்கத்தில் எழுதி, மற்றப் பக்கத்தில் இதை எழுதிக் கணவருக்கு அனுப்புங்கள். அவர் தடுக்க மாட்டார்.

மாசியிலும் ஒரு தாழமுக்கம் வந்து இரண்டு மூன்று நாள் கொட்டிவிட்டுப் போவது நம்மூரில் புதினமில்லை. அப்போது நிறுத்தாதீர்கள். முதல் துளி விழ முன்பே இரண்டையும் போட்டு, மின்னல் நேரம் மட்டும் நிறுத்தி, மழை விடும்வரை ஓட விடுங்கள். விழும் தண்ணீர் விழுந்த கையோடு கலந்துவிட்டால் மூடி உண்டாகாது. கரண்ட் போனால் அந்த 2 அங்குல மெசின் கைவசம் இருக்கட்டும், எண்ணெயும் நிரப்பி.

அந்தக் கொப்பித்தாள்களைத் தொடர்ந்து அனுப்புங்கள், தங்கச்சி. மேல், அடி வெப்பத்தோடு, வரும் கிழமையில் இருந்து செத்த மீனின் எண்ணிக்கைக்கும் ஒரு நிரல் போடுங்கள். ஒன்றும் சாகாத நாளில் அந்த இடத்தை வெறுமையாக விடாமல் 0 என்றே எழுதுங்கள். வெறுமையாக இருந்தால் நீங்கள் பார்க்கவில்லையா, சாகவில்லையா என்று எனக்குத் தெரியாது.